விடுபட்டவை: பூஜ்யம்

நான் எழுதிய வீடியோ டிரைவர் ஒரு ஃபிரேமைக்கூடத் தவறவிட்டதில்லை என்று அதன் கவுன்ட்டர் காட்டியது. காட்ட வைத்தவன் நான். தவறியதை எண்ண வேண்டிய இடத்தில் முதலில் எண்ணாமல் விட்டேன்; அப்புறம் யாருமே எண்ண முடியாதபடி செய்தேன். முதலாவதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

சரக்கு லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடைகளுக்காகச் செய்த சிறு பெட்டி அது. கம்பத்தில் ஒரு பிஏஎல் கேமரா, அங்கிருந்து நீண்ட கேபிள், பெட்டிக்குள் அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் ஒரு டீகோடர் சிப், அடுத்து ஒரு ஏஆர்எம் ப்ராசஸர். வீடியோவை வாங்கி மெமரியில் எழுதும் கேப்சர் கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருந்தது. லாரி மேடையில் ஏறுவதிலிருந்து இறங்குவதுவரை பதிவாக வேண்டும், நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும். லினக்ஸ் கர்னலின் 2.6 வரிசை நடந்துகொண்டிருந்த காலம். டிரைவர் முழுக்க என் பொறுப்பு.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட்டால் மீதி புரிந்துவிடும்: கேமரா யாருக்காகவும் காத்திருக்காது. ஹார்ட் டிஸ்க்கிடம் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லலாம். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுமுனை திரும்ப அனுப்பும். கேமரா அப்படியில்லை. பிஏஎல் என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், ஃபிரேமுக்கு 625 வரி, வரிக்கு 64 மைக்ரோ வினாடி. 720-க்கு 576 அளவில், புள்ளிக்கு 2 பைட் வீதம் ஒரு ஃபிரேம் 8,29,440 பைட் வரும். நொடிக்கு ஏறத்தாழ 20.7 எம்பி. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கொட்டிக்கொண்டே இருக்கும்.

கொட்டுவதை எங்கே வாங்குவது என்பதை டிரைவர் சொல்ல வேண்டும். எங்கள் கன்ட்ரோலரில் அதற்கு ஒரு முகவரி ரெஜிஸ்டர் இருந்தது. ஃபிரேம் தொடங்கும் கணத்தில் அந்த ரெஜிஸ்டரில் என்ன முகவரி இருக்கிறதோ அதைக் கன்ட்ரோலர் தனக்குள் நகலெடுத்துக்கொள்ளும். அந்த ஃபிரேம் முடியும்வரை அங்கேதான் எழுதும். நடுவில் ரெஜிஸ்டரை மாற்றினால் அது அடுத்த ஃபிரேமுக்குத்தான் செல்லும். நல்ல ஏற்பாடு. ஃபிரேம் தொடங்கும்போது ஒரு இன்டரப்ட், முடியும்போது ஒரு இன்டரப்ட் என இரண்டும் கிடைத்தன.

நான் முடிவு இன்டரப்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே இடத்தில் எல்லா வேலையும் முடிந்துவிடும் என்ற எண்ணம்தான்: நிரம்பிய பஃபரை அப்ளிகேஷனிடம் கொடு, அடுத்த காலிப் பஃபரின் முகவரியை ரெஜிஸ்டரில் எழுது. படிக்க அழகான, சின்ன ஃபங்ஷன். ஆனால் ஒரு ஃபிரேமின் கடைசி வரிக்கும் அடுத்த ஃபிரேமின் முதல் வரிக்கும் நடுவில் இருக்கும் வெற்று நேரம், அதிகபட்சம் 25 வரி, அதாவது 1.6 மில்லி வினாடி. அதற்குள் என் ஃபங்ஷன் ஓடி முடிந்திருக்க வேண்டும். தொடக்க இன்டரப்டில் எழுதியிருந்தால் அடுத்த தொடக்கம்வரை, கிட்டத்தட்ட 40 மில்லி வினாடி, கையில் இருந்திருக்கும். கன்ட்ரோலரின் மேனுவலில் இது தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1.6 மில்லி வினாடி என்பது ப்ராசஸருக்கு ஒரு யுகம் என்று நினைத்தேன்.

யுகம்தான், ப்ராசஸர் நம் பேச்சைக் கேட்கும் நிலையில் இருந்தால். இன்டரப்ட் வந்த கணத்துக்கும் அதற்கான கோடு ஓடத் தொடங்கும் கணத்துக்கும் இடையே இருக்கும் தாமதத்தைத்தான் இன்டரப்ட் லேட்டன்சி என்கிறோம். கர்னலுக்குள் எங்கோ வேறொரு டிரைவர் இன்டரப்ட்களை மூடிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், என் இன்டரப்ட் வாசலில் நிற்கும். சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்துப் பயனில்லை. எப்போதாவது ஒருமுறை மிக அதிகமாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கேள்வி. நான் அளந்தது சராசரியை. சில பத்து மைக்ரோ வினாடிகள்தான் வந்தது. ரிவ்யூ மீட்டிங்கில் அதைப் பெருமையாகவே காட்டினேன்.

லேபில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெட்டிகள் வெளியூர் போன பிறகுதான் புகார் வரத் தொடங்கியது. படம் வெட்டுகிறது என்றார்கள். பதிவை வரவழைத்துப் பார்த்தேன். லாரியின் மேல்பாதி ஒரு இடத்திலும் கீழ்பாதி இன்னொரு இடத்திலும் இருந்தது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் லாரி ஒரு ஃபிரேமுக்கு 11 சென்டிமீட்டர் நகரும். வெட்டு நம்பர் பிளேட்டின் குறுக்கே விழுந்தால் எண்ணின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

“இன்டர்லேஸ் வீடியோ அப்படித்தான் இருக்கும்” என்று பதில் எழுதினேன். பிஏஎல் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் 20 மில்லி வினாடி இடைவெளியில் தனித்தனியாக அனுப்புவதால் ஓடும் பொருளின் ஓரம் சீப்புப் பல்போலத் தெரியும், அது உண்மை. ஆனால் எனக்கு முன்னால் இருந்த படத்தில் சீப்புப் பல் இல்லை. குறுக்கே ஒரே ஒரு கோடு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இந்த வேலையில் இருக்க முடியாது. எனக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். என் ஃபங்ஷன் 1.6 மில்லி வினாடியைத் தாண்டி வந்து சேர்ந்தது. அதற்குள் அடுத்த ஃபிரேம் தொடங்கிவிட்டது. ரெஜிஸ்டரில் பழைய முகவரியே இருந்ததால் கன்ட்ரோலர் அதே பஃபரில் மேலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டது. தாமதமாக வந்த நான் அது தெரியாமல் அந்தப் பஃபரை ‘நிரம்பியது’ என்று அப்ளிகேஷனிடம் கொடுத்தேன். அது படிக்கப் படிக்க, இந்தப் பக்கம் கன்ட்ரோலர் எழுதிக்கொண்டிருந்தது. அதனால்தான் வெட்டு.

கதை அதோடு முடியவில்லை. நான் தாமதமாக எழுதிய புது முகவரிக்கு அந்த ஃபிரேமில் எதுவுமே வரவில்லை. ஆனால் அடுத்த முடிவு இன்டரப்டில் என் கணக்குப்படி அந்தப் பஃபர்தான் நிரம்பியிருக்க வேண்டும், ஆகவே அதையும் கொடுத்தேன். அதற்குள் இருந்தது முந்தைய சுற்றில் எழுதிய பழைய படம். மேடையில் ஏறிக்கொண்டிருக்கும் லாரி ஒரே ஒரு ஃபிரேமுக்குப் பின்னால் போய்விட்டு மறுபடி முன்னால் வந்தது.

இதற்கு நான் கண்டுபிடித்த முதல் மருந்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பஃபர் எண்ணிக்கையை 4-லிருந்து 16 ஆக்கினேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். ஸ்டோர் ரூமில் எத்தனை இலைக்கட்டு இருந்தால் என்ன, அவர் வரும்போது மேசையில் விரித்திருக்கும் இலையில்தான் ஊற்றுவார். கன்ட்ரோலருக்குத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்று. அதை நேரத்துக்கு மாற்ற முடியாதவனிடம் 16 பஃபர் இருந்தாலும் 32 இருந்தாலும் ஒன்றுதான். வரிசையில் காத்திருக்கும் பஃபர்கள் அப்ளிகேஷனின் மந்தத்தைத் தாங்கிக்கொள்ளும். மெமரி கார்டு எழுதும்போது கொஞ்சம் திணறினால் சமாளிக்கும். இன்டரப்ட் தாமதத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

சம்பந்தம் இல்லாததோடு நிற்கவில்லை, நோயைப் பெருக்கவும் செய்தது. 4 பஃபர் இருந்தபோது சுமார் 4 ஃபிரேமுக்கு முந்தைய படம் எட்டிப் பார்த்தது. லாரி அரை மீட்டருக்குள் பின்வாங்கியது. இப்போது 16 ஃபிரேமுக்கு முந்தைய படம். லாரி ஒன்றே முக்கால் மீட்டர் பின்னால் துள்ளியது. பதினாறு பஃபருக்கு 13 எம்பிக்கு மேல் மெமரியும் போயிற்று.

சர்வீஸ் பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்களிடம் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பெட்டியை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. “தம்பி, இங்க இன்னும் வெட்டுது. என்ன பண்ணட்டும்?” என்று கேட்டார். “கேபிள் பாருங்கண்ணே. சிக்னல் வீக்கா இருக்கும்” என்றேன். அவர் கேபிளை மாற்றினார். வெட்டு குறைந்தது. எனக்கே ஆச்சரியம்.

அங்கேதான் நான் முழுசாக விழுந்தேன். பாதி உண்மை கையில் கிடைத்தவன் மீதியைத் தேட மாட்டான். கேபிள் பழசானால் சிக்னலில் இரைச்சல் ஏறும், டீகோடர் சிப் கண நேரம் ஒத்திசைவை இழந்து மீளும். அப்படி இழக்கும்போதெல்லாம் ஒரு வரி லாக் அச்சிடுமாறு நான்தான் டிரைவரில் ஒரு பிரின்ட்கே போட்டிருந்தேன், டெவலப்மென்ட் காலத்தில். எடுக்க மறந்துபோனேன். கர்னலின் அந்தச் செய்தி சீரியல் போர்ட் வழியாக 1,15,200 பாட் வேகத்தில் வெளியேறும். ஒரு எழுத்துக்கு சுமார் 87 மைக்ரோ வினாடி. 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 7 மில்லி வினாடி. அந்தக் கால கர்னலில், எங்கள் பெட்டியில், அந்த ஏழு மில்லி வினாடியும் இன்டரப்ட்கள் மூடியே இருந்தன. எனக்கு இருந்த கெடுவோ 1.6.

சீரியல் போர்ட்டில் எடைமேடைகளில் யாரும் எதையும் சொருகியிருக்கவில்லை. அதனால் என்ன, கேட்க ஆளில்லாவிட்டாலும் போர்ட் எழுத்து எழுத்தாக அனுப்பித்தான் தீரும். லேபில் என் மேசையில் கேபிள் ஒரு மீட்டர், சிக்னல் சுத்தம், பிரின்ட்கே வாயே திறக்காது. ஆகவே வெட்டும் வராது. வெளியூரில் கேபிள் கெட்டால் பிரின்ட்கே, பிரின்ட்கே வந்தால் தாமதம், தாமதம் வந்தால் வெட்டு. புதுக் கேபிள் போட்டதும் குறையும், சில மாதத்தில் கனெக்டர் துருவேறியதும் திரும்ப வரும். அண்ணன் மறுபடியும் பஸ் ஏறுவார்.

இதை அப்போதே பிடித்திருக்க முடியாதா? முடியும். தொண்ணூறுகளின் பிசி டிவி கார்டுகளில் இருந்த ப்ரூக்ட்ரீயின் பிடி848 சிப்புக்கு லினக்ஸில் ஒரு டிரைவர் உண்டு, பிடிடிவி. கெர்ட் நார் பல காலம் பராமரித்தது. அந்தச் சிப் மெமரியில் இருக்கும் ஒரு கட்டளைப் பட்டியலைத் தானே படித்து, எந்த வரியை எங்கே எழுதுவது, எதைத் தாண்டுவது, எங்கே குதிப்பது என்று நடந்துகொள்ளும். அவ்வளவு கெட்டிக்காரச் சிப்புக்கே இன்டரப்ட் தாமதமானால் ஃபிரேம் தவறும் என்பது அந்த டிரைவரை எழுதியவர்களுக்குத் தெரியும். ஃபிரேம் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். முதலில் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பரவாயில்லை, கவலைப்படாதே என்று லாகில் சொல்லும். சிக்னல் இருந்தும் தவறியிருந்தால் இன்டரப்ட் தாமதம் வழக்கத்துக்கு மீறி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் கணத்தில் எந்தக் கோடு ஓடிக்கொண்டிருந்தது என்பதை அப்படியே கக்கும், குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க. என் டிரைவரை எழுதும்போது அந்தக் கோடைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன். கட்டளைப் பட்டியல் விஷயத்தை நமக்கு வேண்டாத சிக்கல் என்று ஒதுக்கினேன். அது சரிதான், எங்கள் கன்ட்ரோலரில் அந்த வசதி இல்லை. இந்தச் சோதனையையும் சேர்த்து ஒதுக்கியதுதான் தவறு. கர்னலுக்குள்ளேயே எஃப்டிரேஸ் வந்துவிட்டிருந்தது, இன்டரப்ட்கள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் மூடியிருந்தன என்று காட்டும் கருவி அதில் இருந்தது. அதையும் ஓட்டவில்லை. ஓட்டினால் என் பெயர் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருக்கும் என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

இதுவரை சொன்னது திறமைக் குறைவு, கொஞ்சம் சோம்பல், கொஞ்சம் கர்வம். இனிமேல் சொல்லப்போவது வேறு.

பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு டெமோ இருந்தது. வெட்டு வரக் கூடாது என்றார் மேனேஜர். என் ஃபங்ஷன் தாமதமாக வந்ததா என்பதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமில்லை. அது ஓடும்போது அடுத்த தொடக்க இன்டரப்டின் பிட் ஏற்கெனவே எழும்பியிருந்தால் தாமதம் என்று அர்த்தம். அதைப் பார்க்க ஒரு வரி சேர்த்தேன். தாமதமானால் சந்தேகத்துக்குரிய இரண்டு பஃபர்களையும் அப்படியே கொடுக்காமல், கடைசியாக ஒழுங்காக வந்த படத்தை அவற்றில் நகலெடுத்துக் கொடுத்தேன். வெட்டு மறைந்தது. லாரி பின்னால் துள்ளுவதும் நின்றது. பார்ப்பவருக்கு ஓரிரு ஃபிரேம் உறைந்தது தெரியாது.

லினக்ஸில் கேமரா டிரைவர்களுக்கான பொது ஏற்பாடான வி4எல்2-வில், ஒவ்வொரு பஃபரோடும் ஒரு வரிசை எண்ணும் நேர முத்திரையும் போகும். ஃபிரேம் ஒன்று தவறினால் வரிசை எண் ஒன்று தாண்ட வேண்டும். அப்ளிகேஷன் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். பழுதான பஃபர் என்று சொல்ல ஒரு கொடியும் உண்டு. நான் கொடியை ஏற்றவில்லை. வரிசை எண்ணை ஒன்றுவிடாமல் கூட்டினேன், நகல்களுக்கும் சேர்த்து. நேர முத்திரையையும் சரியாக 40 மில்லி வினாடி கூட்டி நானே போட்டேன். அப்ளிகேஷன் எழுதிய பையன் கவனமானவன், வரிசை எண்ணில் இடைவெளி வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தான். ‘விடுபட்டவை: பூஜ்யம்’ என்று அவன் திரை சொன்னது. டெமோவில் அந்தத் திரையைக் காட்டினார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன். அந்த வருட அப்ரைசலில் அதை ஒரு சாதனையாக நானே என் கையால் எழுதினேன்.

பிடித்தவர் சர்வீஸ் அண்ணன். கேபிள் மாற்றிவிட்டுச் சோதிக்க அவருக்கென்று ஒரு வழி இருந்தது. மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பார், ஓரத்தில் வரிசை எண்ணோடு வரும் பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்ப்பார். ஒருநாள் போன் செய்தார். “தம்பி, ஓரத்துல ஓடுற நம்பர் ஒழுங்கா ஏறுது. வாட்ச் மட்டும் மூணு ஃபிரேம் அதே இடத்துல நிக்குதே, என்னது?”

“உங்க போன் ஸ்லோவா இருக்கும்ணே” என்றேன்.

அவர் ஒரு சத்தமும் போடாமல் “சரி தம்பி” என்று வைத்துவிட்டார். அன்று இரவு உட்கார்ந்து எஃப்டிரேஸை ஓட்டினேன், கெட்ட கேபிள் ஒன்றை வேண்டுமென்றே மாட்டி. பட்டியலில் முதலிடத்தில் என் பிரின்ட்கே இருந்தது.

திருத்தம் சின்னது. முகவரி எழுதும் வேலையைத் தொடக்க இன்டரப்டுக்கு நகர்த்தினேன், 1.6 மில்லி வினாடிக் கெடு 40-க்குப் பக்கத்தில் போயிற்று. கன்ட்ரோலர் உண்மையில் எந்த முகவரியில் எழுதுகிறது என்பதை அதனிடமே கேட்டு, என் கணக்கோடு பொருந்தாவிட்டால் அந்தப் பஃபரைக் கொடுக்காமல் வரிசை எண்ணைத் தாண்டவிட்டேன். நேர முத்திரையை இன்டரப்ட் வந்ததும் முதல் வேலையாக எடுத்தேன். பிரின்ட்கேயைத் தூக்கிவிட்டு ஒரு கவுன்ட்டரைக் கூட்டினேன். பஃபர் 16-லிருந்து 6-க்கு வந்தது. நகலெடுக்கும் கோடை அழித்தேன். இவ்வளவையும் ஒரே பேட்ச்சாக உள்ளே தள்ளி, கமிட் மெசேஜில் ‘செயல்திறன் மேம்பாடு’ என்று எழுதினேன். நான் அழித்தது என்ன கோடு என்று ரிவ்யூ செய்தவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2024 கடைசியில் லினக்ஸ் 6.12 வந்தபோது, ரியல்டைம் வசதி ஒருவழியாக முதன்மைக் கர்னலிலேயே சேர்ந்தது. இருபது வருட உழைப்பு. கடைசிவரை முட்டுக்கட்டையாக இருந்தது பிரின்ட்கேதான், கன்சோலுக்கு அச்சிடும்போது எல்லாரையும் நிறுத்திவைக்கும் அதே பழக்கம். படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம் யோசித்தேன், நகல் ஃபிரேமுக்குப் புது எண் ஒட்டியது பிரின்ட்கே இல்லையே.

புது வெர்ஷன் வெளியூர் பெட்டிகளுக்குப் போனதும் வெட்டு அடியோடு நின்றது. ஆனால் மெமரி கார்டு திணறும்போது அப்ளிகேஷன் பஃபரைத் திருப்பித் தரத் தாமதமாகி எப்போதாவது ஒரு ஃபிரேம் தவறும். அதை டிரைவர் இப்போது ஒழுங்காகச் சொன்னது. மாதாந்திர மீட்டிங்கில் மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பழைய வெர்ஷன்ல பூஜ்யம். புதுசுல ஏன் மூணு, நாலுன்னு காட்டுது?”

“பழசுல சரியா எண்ணுற வசதி இல்ல சார்” என்றேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நான் மாத்துன கேபிள் எல்லாம், தம்பி?”

“கேபிளும் பழசுதானேண்ணே” என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.